எத்தனை அடி உன் பாய்மரம்?

ஒரு பாய்மரப் படகு. உள்ளே இரண்டு பேர். படகின் ஒரு பக்கமாகக் கட்டையை வெளியே நீட்டி, அதன் நுனியில் பெரிய பைகளில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிடுகிறார்கள். பாரம் தாங்காமல் படகு பக்கவாட்டில் சாய்கிறது. படகு சாய்ந்தால் பாய்மரமும் சாயும். மரத்தின் உச்சி சில அடி கீழே இறங்கும். அந்தச் சாய்ந்த கோலத்திலேயே, நொண்டிக்கொண்டு போவதுபோல, மெல்ல ஒரு பாலத்துக்கு அடியில் நுழைகிறார்கள். ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் அண்ணாந்து பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சர்க்கஸ் இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடக்கிற விஷயம்தான். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து ஃப்ளோரிடாவின் தென்முனைவரை, கடலை ஒட்டி, ஆறுகளையும் காயல்களையும் வெட்டிய கால்வாய்களையும் இணைத்து ஓர் உள் நீர்வழி போகிறது. குளிர் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் தெற்கே கிளம்பிவிடும். அந்த வழியில் திறக்காத பாலங்களுக்குப் பொதுவான ஓர் உயரம் உண்டு: நீர்மட்டத்திலிருந்து 65 அடி. உங்கள் பாய்மரம் 66 அடியா? ஒன்று தண்ணீர்ப் பையைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் திறந்த கடலில் சுற்றிப் போங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது படகு கட்டுகிறவர்களே 65 அடியை மனதில் வைத்துத்தான் மரத்தை அளக்கிறார்கள். ஒரே படகை இரண்டு மரங்களோடு விற்பதுண்டு: ஒன்று நல்ல உயரம், இன்னொன்று இந்த நீர்வழிக்காகக் குறைத்தது. பாலத்துக்கு ஏற்ப கப்பல் வளர்கிறது. கப்பலுக்கு ஏற்பப் பாலம் கட்டவேண்டும் என்று ஒரு காலத்தில் வழக்கு நடந்தது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

*

முதலில் ஒரு சின்ன விளக்கம். பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுபவர்கள் தங்களுக்குப் பிடித்த நங்கூரத்துறைக்குப் பக்கத்தில் பாலம் வரப்போகிறது என்றால் ஏன் பதறுகிறார்கள்? வெளியிலிருந்து பார்க்கும்போது இது கொஞ்சம் பணக்காரக் கவலை மாதிரித்தான் தெரியும். "ஊருக்கே பாலம் வருது, உனக்கு ஞாயித்துக்கிழமை படகுல தூங்க இடம் இல்லையேன்னு கவலையா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் நங்கூரம் போட எல்லா இடமும் ஆகாது. காற்றை மறைக்க ஒரு மேடோ தீவோ வேண்டும். அடியில் சேறோ மணலோ இருந்து நங்கூரத்தின் கொக்கி அதில் புதைந்து பிடிக்கவேண்டும். வெறும் பாறையில் வழுக்கிக்கொண்டே போகும். ஆழம் அதிகமும் கூடாது, குறைவும் கூடாது. இதெல்லாம் போக, சுழல இடம் வேண்டும். இதுதான் கரையில் நிற்பவர்களுக்குப் புரியாத விஷயம். நங்கூரம் செங்குத்தாகத் தொங்கினால் பிடிக்காது. சங்கிலி சாய்வாகக் கிடந்து இழுத்தால்தான் பிடிக்கும். அதனால் ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு சங்கிலி விடுவார்கள். ஐந்து மீட்டர் ஆழம் என்றால் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து மீட்டர். காற்று திரும்பினால் படகு அந்தச் சங்கிலியை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு பாலத்தூண் வந்தால் போதும், அந்த இடம் நங்கூரத்துறை இல்லை.

தூண் வருவதற்கு முன்பே பாதி சேதம் நடந்துவிடும். கட்டுமானப் படகுகள் வந்து நிற்கும், தூண்களை அடிக்கும் சத்தம் மாதக்கணக்கில் கேட்கும், தடைசெய்த பகுதி என்று மிதவைகள் போடுவார்கள். பாலம் முடிந்த பிறகு நீரோட்டம் மாறும்: தூண்களுக்கு நடுவே வேகமாகப் பாயும், தூண்களுக்குப் பின்னால் மண் படியும். எல்லாவற்றுக்கும் மேல், பாலம் தாழ்வாக இருந்தால் உள்ளே இருக்கிற படகு வெளியே வர முடியாது, வெளியே இருப்பது உள்ளே போக முடியாது. குளத்துக்கு மூடி போட்ட மாதிரி.

*

1849. ஒஹாயோ ஆற்றின் மேல், அப்போது வர்ஜீனியாவில் இருந்த வீலிங் நகரில், ஒரு தொங்கு பாலம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் சார்லஸ் எல்லெட். நடுக்கண்ணின் நீளம் 1010 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பாலக்கண் அதுதான். மேற்கே போகும் நெடுஞ்சாலை அந்த இடத்தில் ஆற்றைக் கடந்தது. பாலம் இருந்தால் மேற்குப் பக்கத்து வணிகம் வீலிங்கின் கைக்கு வரும். ஊர் கொண்டாடியது.

ஆற்றின் மேல்புறத்தில் பிட்ஸ்பர்க் இருந்தது. அது பென்சில்வேனியா மாநிலம். பிட்ஸ்பர்க்கின் பிழைப்பே நீராவிப் படகுகள்தான். நீராவிப் படகுக்கு உயரமான புகைபோக்கி வேண்டும்: புகைபோக்கி உயர உயர இழுப்பு அதிகம், இழுப்பு அதிகமானால் தீ நன்றாக எரியும், தீ நன்றாக எரிந்தால் வேகம். ஆகவே போட்டி போட்டுக்கொண்டு புகைபோக்கிகள் உயர்ந்துகொண்டே போயின. இப்போது குறுக்கே ஒரு பாலம். ஆறு பெருகி ஓடும் நாட்களில் பெரிய படகுகளின் புகைபோக்கி இடித்தது.

பென்சில்வேனியா நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாநிலத்துக்காக வாதாடியவர் எட்வின் ஸ்டேன்டன். பின்னாளில் உள்நாட்டுப் போரின்போது லிங்கனின் போர்த்துறைச் செயலராக இருந்தவர். நீதிமன்றம் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. உண்மை என்ன என்று அளந்து வர ஒரு ஆணையரை நியமித்தது. ஆற்றின் மட்டம் ஆண்டில் எத்தனை நாள் எவ்வளவு, படகுகளின் புகைபோக்கி எவ்வளவு, பாலம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். கீல் வைத்த புகைபோக்கியை மடக்கினால் என்ன செலவாகும் என்றுகூட விவாதம் நடந்தது. வீலிங்கின் வாதம் எளிமையானது: புகைபோக்கியை மடக்கிக்கொண்டு போங்களேன், என்ன குறைந்துவிட்டது?

1852இல் நீதிபதி ஜான் மக்லீன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பாலம் நீர்வழிக்குத் தடை. ஒன்று 111 அடிக்கு உயர்த்தவேண்டும், இல்லையேல் அகற்றவேண்டும். படகு ஜெயித்தது.

ஆறு மாதம்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீலிங் பாலம் இருக்கிற உயரத்திலேயே சட்டப்படி சரியானது. அது அஞ்சல் போகும் பாதை. படகுகள்தான் தங்கள் புகைபோக்கிகளைப் பாலத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரே ஒரு வரியில் சுமை பாலத்திலிருந்து படகுக்கு மாறிவிட்டது.

கதை அங்கேயும் முடியவில்லை. 1854 மே மாதம் ஒரு புயல் காற்று வந்து பாலத்தின் தளத்தைப் பிய்த்து ஆற்றில் போட்டது. பிட்ஸ்பர்க்காரர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மறுபடி கட்டக்கூடாது என்று தடையுத்தரவு வாங்கினார்கள். வீலிங் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சில மாதங்களில் கட்டி முடித்துவிட்டது. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த முறை நீதிமன்றம் நாடாளுமன்றம் சொன்னதே சரி என்றது. பாலம் நின்றது.

*

அந்தத் தீர்ப்பின் ஈரம் காய்வதற்குள் இன்னொரு பாலம். 1856 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே முதல் ரயில் பாலம் ராக் ஐலண்ட் என்ற இடத்தில் தயாரானது. படகுகள் போக நடுவில் திறக்கும் கண் ஒன்று வைத்திருந்தார்கள். மே 6 அன்று எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு அந்தக் கண்ணைத் தாண்டும்போது தடுமாறிப் பாலத்தில் மோதியது. படகில் தீ பிடித்தது. பாலத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து எரிந்தது. சுற்றியிருந்த மற்றப் படகுகள் மகிழ்ச்சியில் சங்கு ஊதின என்று ஒரு கதை உண்டு.

படகுக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1857 செப்டம்பரில் சிகாகோவில் விசாரணை. பாலத்தின் பக்கம் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். விசாரித்த நீதிபதி யார் தெரியுமா? வீலிங் தீர்ப்பை எழுதிய அதே ஜான் மக்லீன்.

லிங்கன் நீரோட்டத்தின் வேகம், படகின் பக்கச் சக்கரம் அந்த நேரத்தில் ஓடியதா இல்லையா என்று எண்களை வைத்துக்கொண்டு பேசினார். ஆனால் அவருடைய வாதத்தின் சாரம் எண்ணில் இல்லை. ஆற்றின் நெடுகப் போக ஒருவனுக்கு எவ்வளவு உரிமையோ, ஆற்றைக் குறுக்கே கடக்க இன்னொருவனுக்கும் அவ்வளவு உரிமை உண்டு என்பதுதான் அது. அதுவரை ஆறு என்றால் அது பாதை; குறுக்கே வருவது தடை. லிங்கன் அதைத் திருப்பிப் போட்டார்: குறுக்கே போவதும் பாதைதான். நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது. நடைமுறையில் அது ரயிலின் வெற்றி.

லிங்கன் சொன்னதில் தப்பில்லை. நீள்வாட்டில் போகிறவனுக்கு மட்டும்தான் ஆறு சொந்தமா? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு உரிமையும் சமம் என்றாலும் இரண்டு கட்டுமானமும் சமம் இல்லை. படகு நகர்ந்துவிடும். பாலம் நூறு வருஷம் நிற்கும். சமமான இருவரில் ஒருவர் நகராதவர் என்றால், வளைந்துகொடுப்பது எப்போதும் மற்றவர்தான்.

*

நகர்கிறவனுக்கு நிற்கவும் உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு பதில் இருக்கிறது. கென்ட் கரையில் விட்ஸ்டபிள் என்ற ஊர். அங்கே சிப்பி எடுக்கும் மீனவர்களின் ஒரு பழைய கூட்டமைப்பு, தங்கள் எல்லைக்குள் நங்கூரம் போடுகிற ஒவ்வொரு கப்பலும் ஒரு ஷில்லிங் கட்டவேண்டும் என்று கேட்டது. ஒரு கப்பல்காரர் கட்ட மறுத்தார். ஒரே ஒரு ஷில்லிங்குக்காக வழக்கு பிரபுக்கள் அவை வரை போய் 1865இல் தீர்ந்தது. கப்பல் ஓட்டும் பொது உரிமை என்றாலே அதற்குள் நங்கூரமிடும் உரிமையும் அடங்கும். பதிலுக்கு எந்த வசதியும் செய்து தராமல் அதற்குக் காசு வசூலிக்க முடியாது என்றார்கள்.

யோசித்தால் இது சாதாரணமாகத் தெரியும். காற்று எதிர்த்து அடித்தால், இருட்டிவிட்டால், ஓதம் திரும்பக் காத்திருக்கவேண்டும் என்றால், நிற்காமல் எப்படிப் போவது? நிற்க இடம் இல்லாத பாதை பாதையே இல்லை. நெடுஞ்சாலையில் திண்ணை மாதிரி. வழிப்போக்கன் திண்ணையில் உட்கார்ந்தால் யாரும் வாடகை கேட்பதில்லை.

ஆனால் திண்ணைகளை இடிக்கிற காலம் எல்லா ஊருக்கும் வருகிறது. 2016இல் ஃப்ளோரிடா ஒரு சட்டம் போட்டு, மயாமி பீச்சின் வெனீஷியன் தீவுகளை ஒட்டிய பகுதி உட்படச் சில குறிப்பிட்ட நீர்ப்பரப்புகளில் இரவு நங்கூரமிடுவதைத் தடுத்தது. கரையோரத்தில் பெரிய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் ஜன்னலுக்கு முன்னால் யாரோ படகில் வாழ்வது பிடிக்கவில்லை. "பணக்காரக் கவலை" என்று மேலே சொன்னேனே, அது இங்கே தலைகீழாகிறது. படகில் இருப்பவர் எல்லாரும் பணக்காரர் இல்லை. பழைய படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறவர்களும், பென்ஷன் பணத்தில் கரையோரமாகவே போய்க்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. துறைமுகத்தில் இரவுக்கு இரவு கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு நங்கூரத்துறைதான் வீடு.

*

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

வீலிங், ராக் ஐலண்ட் போன்ற சண்டைகளுக்குப் பிறகு அமெரிக்கா ஒரு நடைமுறையை உருவாக்கியது. கப்பல் போகக்கூடிய நீர்மேல் பாலம் கட்ட அனுமதி வாங்கவேண்டும். முதலில் ராணுவப் பொறியாளர்கள் கையில் இருந்த அந்தப் பொறுப்பு 1967இல் கடலோரக் காவல்படைக்குப் போனது. பாலம் வரும் என்றால் அறிவிப்பு வரும். அந்த வழியாக யார் போகிறீர்கள், உங்கள் படகு எவ்வளவு உயரம், ஆண்டுக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்று கேட்பார்கள். படகுக்காரர்கள் கடிதம் எழுதுவார்கள். நியாயமான ஏற்பாடுதான்.

இந்தக் கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். போர்ட்லாண்டுக்கும் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவருக்கும் நடுவே கொலம்பியா ஆற்றின் மேல் ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. பழைய பாதி 1917இல் கட்டியது. முழுக்கத் தூக்கினால் 178 அடி இடைவெளி. அதற்குப் பதிலாகத் திறக்காத பாலம் கட்டலாம் என்று திட்டமிட்டபோது முதலில் 95 அடி என்றார்கள். கடலோரக் காவல்படை போதாது என்றது. 116 அடி ஆக்கினார்கள். அந்த உயரத்தால் பாதிக்கப்படும், மேலாற்றில் இருந்த மூன்று தொழிற்சாலைகளுக்குச் சுமார் 8 கோடியே 60 லட்சம் டாலர் ஈடு தருவதாகப் பேசி முடித்தார்கள். பிறகு பணம் ஒதுக்குவதில் தகராறு வந்து திட்டமே படுத்துவிட்டது. சில ஆண்டுகளில் புதிய திட்டம் எழுந்தது. 2022இல் காவல்படை முதற்கட்டக் கருத்தாகச் சொன்னது: இப்போது இருக்கிற 178 அடிக்குக் குறையக்கூடாது.

தொழிற்சாலைக்கு நஷ்டம் என்றால் ரூபாய் பைசாவில் காட்டலாம். "இந்த வளைவில் சாயங்காலம் நங்கூரம் போட்டால் காற்று அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்" என்று எழுதுகிற கடிதத்துக்கு என்ன விலை? எந்தக் கட்டத்தில் அதை நிரப்புவது?

விலையைக்கூட விடுங்கள். எண்ணிக்கையிலேயே ஒரு பொறி இருக்கிறது. மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் என்று ஒன்று உண்டு. 1959இல் திறந்தது. நீர்வழி முழுக்க 65 அடி என்றால், இதன் உயரம் மட்டும் 56 அடி. உயரமான மரமுள்ள படகுகள் அதன் அடியில் போக முடியாமல் வெளிக்கடலுக்குப் போய்ச் சுற்றி வருகின்றன. இப்போது அங்கே ஓர் அதிகாரி நின்று, 60 அடி மரமுள்ள படகு எத்தனை வருகிறது என்று எண்ணினால் என்ன கிடைக்கும்? பூஜ்யம். "யாரும் வருவதில்லையே, எதற்கு உயரம்?" என்று அவர் எழுதலாம். கதவை மூடிவிட்டு, உள்ளே யாரும் வரவில்லை என்று சொல்வது போலத்தான்.

பிடித்த நங்கூரத்துறைக்காகக் கடிதம் எழுதுகிறவர்களின் பயம் இதுதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. இன்று தங்களுக்கு இடம் போவது ஒரு பக்கம். இங்கே ஒரு காலத்தில் படகுகள் வந்து நின்றன என்பதற்கு அடையாளமே இல்லாமல் போவது இன்னொரு பக்கம். பாலம் தன் கீழே இருந்த பழக்கத்தை அழித்துவிட்டு, அப்படி ஒரு பழக்கமே இருந்ததில்லை என்பதற்குத் தானே சாட்சியாக நிற்கும்.

*

நமக்குத் தெரிந்த கடலுக்கு வருவோம். பாம்பன். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த ரயில் பாலத்தில், கப்பல் போவதற்காக நடுவில் ஷெர்சர் தூக்குக்கண் வைத்தார்கள். ஆட்கள் நின்று கையால் நெம்பித்தான் அதைத் திறப்பார்கள். பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே போகிற கப்பல்கள் நங்கூரம் போட்டுத் தங்கள் முறைக்குக் காத்திருக்கும். லிங்கன் சொன்ன இரண்டு உரிமைகளும் மாறி மாறி நடந்த இடம்: ரயில் போகும்போது கப்பல் நிற்கும், கப்பல் போகும்போது ரயில் நிற்கும்.

1988இல் பக்கத்தில் சாலைப் பாலம் வந்தது. அது திறக்காது. கப்பல் அதன் அடியில்தான் போகவேண்டும். அன்றைக்கே அந்தக் கடலில் போகும் கப்பலின் உயரம் முடிவாகிவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளக் கண் மின்தூக்கி போல அப்படியே மேலே போகும். போனால் 22 மீட்டர் இடைவெளி. அதற்கு மேலே தூக்குவதில் பயனில்லை, சாலைப் பாலம் அங்கே நிற்கிறதே. ஒரு பாலம் அடுத்த பாலத்தின் உயரத்தையும் தீர்மானிக்கிறது. 65 அடி என்றால் 19.8 மீட்டர். அமெரிக்க நீர்வழிக்காக மரத்தைக் குறைத்துக்கொண்ட ஒரு படகு, ஆழம் இடம்கொடுத்தால், பாம்பனையும் தாண்டிவிடும். இரண்டு மீட்டர் மிச்சம் இருக்கும்.

வீலிங் பாலம் இன்றும் இருக்கிறது. 2019இலிருந்து அதில் வண்டிகள் போவதில்லை. மனிதர்கள் நடந்து கடக்கலாம். கீழே அந்த உயரமான புகைபோக்கிப் படகுகள் எதுவும் இல்லை. வழக்குப் போட்டவர்கள், எதிர்வாதம் செய்தவர்கள், அளந்தவர்கள் யாரும் இல்லை. 1849இல் ஒரு பொறியாளர் குறித்த உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை ஏதோ ஒரு நீர்மேல் பாலம் வரப்போகிறது என்று படித்தால், பாலம் வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை. குறுக்கே போகிறவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் எத்தனை அடி என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம். அந்த எண்ணை யாரிடம் கேட்டு முடிவு செய்தார்கள் என்றும்.